அயோவின் அயனி மண்டலமும் வியாழனின் காந்த மண்டலமும்: நீலகிரியிலிருந்து கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

வியாழனைச் சுற்றும் அயோ நிலவுக்கும் அந்தக் கோளின் காந்த மண்டலத்துக்கும் இடையே சுமார் 30 லட்சம் ஆம்பியர் மின்சாரம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து பிறக்கும் ரேடியோ அலை பூமி வரைக்கும் வந்து சேர்கிறது. கோத்தகிரியிலோ மஞ்சூரிலோ குடியிருப்பவர் வீட்டுக்குப் பின்னால் ஏழு மீட்டர் செம்புக் கம்பியைக் கட்டி, விடியற்காலையில் அதைக் கேட்டுவிடலாம். பெரிய தட்டு ஆன்டெனா எதுவும் வேண்டாம்.

கேட்பது அவ்வளவு கடினமில்லை. கேட்டது அயோவால் வந்ததுதான் என்று உறுதிப்படுத்துவதுதான் உண்மையான வேலை. மின்வேலி, மின்னல், சீன வானொலி நிலையம், பக்கத்து வீட்டு எல்இடி பல்பு என்று எல்லாமே அந்த அலைவரிசையில் சத்தம் போடும். எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்ய அங்கே நடப்பது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். அதனால் முதல் மூன்று படிகளில் கம்பியே வராது. அவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

படி 1: நிலவின் மேல் என்ன இருக்கிறது

அயோ நம் நிலவைவிடச் சற்றுப் பெரியது, விட்டம் 3,643 கி.மீ. வியாழனின் மையத்திலிருந்து 4,21,700 கி.மீ. தொலைவில் 42.5 மணி நேரத்துக்கு ஒருமுறை கோளைச் சுற்றிவருகிறது. அதன் எரிமலைகள் கந்தக டை ஆக்சைடைக் கக்குகின்றன. தரையில் உறைந்து கிடக்கும் அதே வாயு பகல் வெயிலில் ஆவியாகிறது. இரண்டும் சேர்ந்து மிக மெல்லிய ஒரு வளிமண்டலம் உருவாகிறது. சூரியனின் புற ஊதா ஒளியும், வந்து மோதும் எலக்ட்ரான்களும் அந்த வாயுவை உடைத்து அயனிகளாக்குகின்றன. இதுதான் அயோவின் அயனி மண்டலம்.

இதை முதலில் காட்டியது பயனியர் 10. 1973 டிசம்பரில் அந்த விண்கலம் அயோவுக்குப் பின்னால் மறைந்தபோது, நிலவின் விளிம்பைத் தொட்டுவந்த அதன் ரேடியோ சிக்னலில் சிறு மாற்றம் தெரிந்தது. அதை வைத்து, தரையிலிருந்து 100 கி.மீ. உயரத்தில் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 60,000 எலக்ட்ரான்கள் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். எரிமலைகளை லிண்டா மொராபிட்டோ வாயேஜர் 1 எடுத்த படத்தில் கண்டது 1979 மார்ச்சில்தான். காரணம் தெரிவதற்கு முன்பே விளைவு அளக்கப்பட்டுவிட்டது.

அயோவிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ ஒரு டன் பொருள் வெளியேறுகிறது. அது கந்தக, ஆக்சிஜன் அயனிகளாகி, அயோவின் பாதை நெடுக வியாழனைச் சுற்றி ஒரு பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வாயு) வளையமாக நிற்கிறது.

படி 2: வோல்ட்டேஜை நீங்களே கணக்கிடுங்கள்

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டால்தான் விஷயம் மனதில் தங்கும்.

வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. அதன் காந்தப் புலம் பிளாஸ்மா வளையத்தையும் அதே வேகத்தில் இழுத்துச் சுழற்றுகிறது. அயோவின் தொலைவில் அந்த வேகம் என்ன? 4,21,700 கிலோமீட்டரை ஆரமாக வைத்துச் சுற்றளவு கண்டு, 9.925 மணி நேரத்தால் வகுங்கள். வினாடிக்கு 74 கி.மீ. வரும். அயோவின் சொந்த வேகம் வினாடிக்கு 17 கி.மீ.தான். ஆகவே பிளாஸ்மா அயோவைப் பின்னாலிருந்து வினாடிக்கு 57 கி.மீ. வேகத்தில் முந்திக்கொண்டு போகிறது.

அந்த இடத்தில் வியாழனின் காந்தப் புலம் சுமார் 2,000 நானோடெஸ்லா. காந்தப் புலத்துக்குக் குறுக்கே இந்த வேகத்தில் பிளாஸ்மா ஓடினால், அயோவின் பார்வையில் ஒரு மின்புலம் தோன்றும். வேகத்தைப் புலத்தால் பெருக்குங்கள்: மீட்டருக்கு 0.11 வோல்ட். கேட்க அற்பமாகத் தெரியும். அதை அயோவின் விட்டத்தால் பெருக்கினால் 4 லட்சம் வோல்ட்டுக்கு மேல் போகிறது. திசை, வியாழனிலிருந்து வெளிநோக்கி.

வோல்ட்டேஜ் மட்டும் இருந்தால் போதாது, மின்சாரம் ஓட வழியும் வேண்டும். வெற்றுப் பாறையும் பனியும் நன்றாகக் கடத்தாது. இங்குதான் அயனி மண்டலம் வேலை செய்கிறது. காந்தப் புலக் கோட்டைச் சுற்றியே சுழல வேண்டிய அயனிகள், அங்கே கந்தக டை ஆக்சைடு மூலக்கூறுகளோடு மோதி மோதிப் புலத்துக்குக் குறுக்கே நகர்கின்றன. அந்த நகர்வே மின்னோட்டம். அயோவின் வளிமண்டலம் முழுக்க இல்லாமல் போனால், இந்தச் சுற்று பெருமளவுக்கு அறுந்துபோகும்.

படி 3: மின்சாரம் வியாழனுக்குப் போய்ச் சேரும் வழி

அயோவைக் கடந்த மின்னோட்டம் காந்தப் புலக் கோடுகளின் வழியாக வடக்கிலும் தெற்கிலும் வியாழனை நோக்கிப் போகிறது. வியாழனைப் பார்த்த பக்கத்தில் அயோவுக்குள் வருகிறது, மறுபக்கத்தில் வெளியேறுகிறது. பீட்டர் கோல்ட்ரைக்கும் டொனால்ட் லிண்டன்-பெல்லும் 1969-இல் இதை ஒரு நிலையான மின்சுற்றாக வரைந்தார்கள். வாயேஜருக்குப் பின் அந்தப் படம் திருத்தப்பட்டது. வளையத்தில் பிளாஸ்மா அடர்த்தியாக இருப்பதால் செய்தி உடனே வியாழனைச் சென்றடைவதில்லை. ஆல்ஃபென் அலை என்ற காந்த அலையாகத்தான் போகிறது, போய்ச்சேரச் சில நிமிடங்கள் ஆகின்றன. அதற்குள் பிளாஸ்மா முன்னே நகர்ந்துவிடுவதால், இடைஞ்சல் நேர்க்கோட்டில் போகாமல் அயோவின் இருபுறமும் சாய்ந்த இரண்டு இறக்கைகளாக நீள்கிறது. இவற்றை ஆல்ஃபென் இறக்கைகள் என்கிறார்கள்.

அந்த அலை வழியில் எலக்ட்ரான்களை முடுக்கிவிடுகிறது. அவை வியாழனின் வளிமண்டலத்தில் இறங்கும் இடத்தில் ஒரு துருவ ஒளிப் புள்ளி மின்னுகிறது. 1993-இல் வெளியான ஹவாய்த் தொலைநோக்கியின் அகச்சிவப்புப் படங்கள் அயோவின் இந்தக் காலடித் தடத்தைக் காட்டின.

நமக்கு வேண்டிய ரேடியோ அலை அந்தப் புள்ளிக்கு மேலே பிறக்கிறது. வியாழனை நெருங்க நெருங்கக் காந்தப் புலம் வலுவடைவதால், இறங்கிய எலக்ட்ரான்களில் பல திருப்பி அனுப்பப்படுகின்றன. அப்படித் திரும்பும் எலக்ட்ரான்கள் மேசர் (லேசரின் ரேடியோ வடிவம்) முறையில் கூட்டாக ரேடியோ அலையை வீசுகின்றன. அதன் அதிர்வெண் அந்த இடத்தின் புல வலிமையைப் பொறுத்தது: ஒரு காஸுக்கு (ஒரு லட்சம் நானோடெஸ்லா) 2.8 மெகாஹெர்ட்ஸ். நாம் 20.1 மெகாஹெர்ட்ஸில் கேட்கும்போது, 7.2 காஸ் புலம் உள்ள உயரத்திலிருந்து வரும் ஒலியைக் கேட்கிறோம். நீலகிரியில் நம் காலடியில் இருக்கும் பூமியின் புலம் 0.4 காஸ்தான். வியாழனின் இந்த ஒலிபரப்பு சுமார் 40 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும்.

இந்த அலை எல்லாத் திசையிலும் பரவாது என்பதே அடையாளம் காண்பதற்கான சாவி. காந்தப் புலக் கோட்டை அச்சாகக் கொண்ட ஓர் உள்ளீடற்ற கூம்பின் மெல்லிய சுவர் நெடுகத்தான் அது வெளியேறுகிறது. அயோ பூமியைப் பார்த்து நேராக நிற்கும்போது கூம்பின் வெற்றிடம் நம்மேல் விழுகிறது, ஒன்றும் கேட்காது. அயோ பக்கவாட்டில் போகும்போது சுவர் நம்மைக் கடக்கிறது, அப்போதுதான் கேட்கும்.

1955-இல் பெர்னார்ட் பர்க்கும் கென்னத் ஃபிராங்க்ளினும் 22.2 மெகாஹெர்ட்ஸில் வியாழனின் ஒலியைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். அது அயோவின் நிலையைப் பொறுத்தது என்று 1964-இல் காட்டியவர் ஆஸ்திரேலியாவின் பிக். அவர் விண்கலம் எதையும் நம்பியிருக்கவில்லை. ஒலி வந்த நேரங்களை அயோ நின்ற கோணங்களோடு ஒப்பிட்டார். நாம் செய்யப்போவதும் அதே வேலைதான்.

படி 4: எந்த இரவு, எந்த மணி

இரண்டு கோணங்கள் தேவை. ஒன்று அயோவின் கட்டக் கோணம். அயோ வியாழனுக்கு நேர் பின்னால் இருக்கும்போது அது 0, கோளுக்குக் கிழக்கே மிகத் தள்ளி நிற்கும்போது 90, முகத்துக்கு நேர் முன்னால் 180. மற்றது, வியாழனின் எந்தத் தீர்க்கரேகை நம்மைப் பார்க்கிறது என்பது. மூன்றாம் முறைத் தீர்க்கரேகை என்று இதைச் சொல்வார்கள். இரண்டையும் கணக்கிட்டுத் தரும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

ஒரு கிராஃப் தாளில் தீர்க்கரேகையைக் குறுக்காகவும் அயோவின் கோணத்தை நெடுக்காகவும் வைத்து, மூன்று பெட்டிகள் வரையுங்கள். எல்லைகள் எல்லாம் உத்தேசமானவை. அயோ-ஏ: தீர்க்கரேகை 200 முதல் 290 வரை, அயோ 195 முதல் 265 வரை. அயோ-பி: தீர்க்கரேகை 90 முதல் 200, அயோ 75 முதல் 105. அயோ-சி: தீர்க்கரேகை 290 முதல் 10, அயோ 225 முதல் 250. ஏ, பி இரண்டும் வியாழனின் வட பகுதியிலிருந்து வருபவை, சி தென் பகுதியிலிருந்து.

இனி அன்றைய இரவைக் கோடாக இழுங்கள். ஒவ்வொரு மணிக்கும் வியாழன் 36 பாகை குறுக்கே நகரும், அயோ 8.5 பாகை மேலே ஏறும். கோடு பெட்டிக்குள் நுழையும் நேரத்தில் வியாழன் நம் வானத்தில் உயரத்திலும் இருந்தால், அந்த இரவைக் காலண்டரில் வட்டமிடுங்கள். பெட்டிக்குள் விழுந்த எல்லா இரவும் ஒலி தரும் என்பதில்லை, வாய்ப்பு பல மடங்கு கூடும் என்பதே பொருள்.

மென்பொருள் இல்லாமலும் பாதி வேலையை முடிக்கலாம். அயோ வியாழனின் முகத்தின் நடுவைக் கடக்கும் நேரம் தெரிந்தால், அதோடு 7 மணி நேரம் கூட்டுங்கள். அயோ 240 பாகைக்கு வந்துவிடும். இன்னொரு வழி: ஒருநாள் நல்ல ஒலி கிடைத்தால் ஏழு நாள் கழித்து, இரண்டு மணி நேரம் தாமதமாக மறுபடி உட்காருங்கள். அயோ நான்கு சுற்று முடித்து அதே இடத்துக்கு வந்திருக்கும். வியாழனின் தீர்க்கரேகை மட்டும் 43 பாகை தள்ளியிருக்கும்.

எந்த மாதம் என்பதை நம் தலைக்கு மேலிருக்கும் அயனி மண்டலமும் தீர்மானிக்கிறது. தென் தமிழகத்தின் பக்கம் புவிகாந்த நடுக்கோடு போவதால் இங்கே அது தடிமன். கொடைக்கானல் வானாய்வகத்தில் பல்லாண்டு அயனி மண்டல ஆய்வு நடந்ததற்கு அந்த இடஅமைவும் ஒரு காரணம். பொழுது சாய்ந்த பிறகும் 20 மெகாஹெர்ட்ஸில் வெளிநாட்டு நிலையங்கள் நெடுநேரம் கேட்கும். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல்தான் அது மெலியும், விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரம் மிகச் சிறந்தது. ஆகவே வியாழன் பின்னிரவில் உயரத்தில் நிற்கும் மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து வியாழன் சூரியனுக்கு நேரெதிரே வருவது 2027 பிப்ரவரி இரண்டாம் வாரத்தில். அதற்கு முந்தைய டிசம்பர், ஜனவரிப் பின்னிரவுகள் பொருத்தமானவை. அப்போது நீலகிரியில் வியாழன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே கடந்துபோகும். ஐரோப்பாவில் இதே வேலையைச் செய்கிறவர்களுக்குக் கிடைக்காத வசதி இது. வடகிழக்குப் பருவமழையும் டிசம்பர் கடைசியில் பெரும்பாலும் ஓய்ந்து மின்னல் குறைந்திருக்கும்.

படி 5: கம்பி

20.1 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோல் (இரண்டு கை உள்ள கம்பி ஆன்டெனா) 7.1 மீட்டர். நடுவில் வெட்டி, ஒவ்வொரு கையும் மூன்றரை மீட்டர் வருமாறு விடுங்கள். தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்குக் கம்பம் நடும் வேலை மிச்சம், இரண்டு சில்வர் ஓக் மரங்கள் போதும். நைலான் கயிற்றில் இழுத்துக் கட்டுங்கள். தரையிலிருந்து 3.5 முதல் 4 மீட்டர் உயரம் சரி, அது கால் அலைநீளம் என்பதால் தலைக்கு நேர் மேலே நன்றாகக் கேட்கும். கம்பி வடக்கு தெற்காக ஓடட்டும். அப்போதுதான் கிழக்கிலிருந்து மேற்கே நகரும் வியாழனைப் பல மணி நேரம் விடாமல் பிடிக்கும்.

கேபிள் டிவி வயர் மலிவு, டைபோலுக்கும் பொருந்தும். ஆனால் அதன் வெளிப் பின்னல் பெரும்பாலும் அலுமினியம், ஈயப்பற்று ஒட்டாது. பின்னலைத் திரித்து, செம்புக் கம்பியோடு சேர்த்துத் துருப்பிடிக்காத போல்ட்டும் வாஷரும் போட்டு இறுக்குங்கள். இணைப்புக்கு மேல் சுயமாக ஒட்டும் ரப்பர் டேப்பைச் சுற்றுங்கள். இணைப்புக்குக் கீழே கேபிளை ஏழெட்டுச் சுற்று, ஒரு சாண் அகலத்தில் சுருட்டிக் கட்டினால், வீட்டின் இரைச்சல் கேபிளின் வெளிப்புறமாக ஏறிவருவது குறையும். ஜனவரியில் கம்பியில் உறைபனி பிடித்து, காலை வெயிலில் உருகி, கேபிள் வழியாகவே ரிசீவரை நோக்கி இறங்கும். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு உள்ளே எடுங்கள், நீர் அங்கேயே சொட்டிவிடும்.

ரிசீவருக்கு 15 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக வாங்கும் எந்த எஸ்டிஆரும் (கணினி மென்பொருளோடு இயங்கும் ரேடியோ) போதும். மலிவான டாங்கிள்களில் பல 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே வேலை செய்யாது, கேட்டு வாங்குங்கள். தானியங்கி கெயினைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வியாழனின் ஏற்ற இறக்கத்தை ரிசீவரே சமன்செய்து மறைத்துவிடும். ரிசீவரை ஏஎம் அல்லது யுஎஸ்பி (மேல் பக்கப்பட்டை) முறையில், ஐந்தாறு கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் வையுங்கள்.

படி 6: பால்வெளியைக் கேட்டுச் சோதியுங்கள்

எல்லாம் கட்டியபின் ஆன்டெனாவைக் கழற்றிப் பாருங்கள். சீறல் தெளிவாகக் குறைய வேண்டும். குறைந்தால், ஆன்டெனா மாட்டியிருக்கும்போது நீங்கள் கேட்பதில் பெரும்பங்கு பால்வெளியின் ரேடியோ இரைச்சல். 1930-களின் தொடக்கத்தில் கார்ல் ஜான்ஸ்கி கண்டுபிடித்த அதே இரைச்சல்தான். குறையாவிட்டால் உள்ளூர்ச் சத்தமோ பழுதான இணைப்போ இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வியாழனுக்குக் காத்திருப்பதில் பயனில்லை.

உள்ளூர்ச் சத்தத்தைத் தேட, பாட்டரியில் ரிசீவரை ஓட்டி மெயின் சுவிட்சை அணையுங்கள். பெரும்பாலும் சார்ஜரோ எல்இடி பல்போ மாட்டும். நம் மலைக்கென்றே இரண்டு சத்தங்கள் உண்டு. காட்டெருமைக்கும் பன்றிக்கும் போட்ட சோலார் வேலி வினாடிக்கு ஒன்று வீதம் சீராகச் சொடுக்கும். உயர் அழுத்த மின்பாதையின் பீங்கான் மேல் மூடுபனி படிந்தால் 100 ஹெர்ட்ஸில் உறுமும். பள்ளத்தாக்குக்குள் இருக்கிறோமே என்று வருந்தாதீர்கள். வியாழன் உச்சியிலிருந்து வருகிறது, சுற்றிலும் மலை இருந்தால் சமவெளியின் இரைச்சல்தான் மறைபடும். குந்தா பக்கத்துக் கிராமங்கள் இதற்கு அருமையான இடம். இரவில் கம்பியைச் சரிபார்க்கத் தனியாகத் தோட்டத்துக்குள் இறங்காதீர்கள். கரடியும் காட்டெருமையும் உலவும் நேரம் அது.

படி 7: கேட்டது அயோதானா

வியாழனின் ஒலி இரண்டு விதம். நீள் வெடிப்பு, ஒன்றிரண்டு வினாடிக்கு ஒருமுறை எழுந்து தணியும் சீறல். குறு வெடிப்பு, காய்ந்த எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் படபடவென்று வரும். ஒவ்வொன்றும் மில்லிவினாடிக் கணக்கில் முடிந்துவிடும். இது அயோ-பி பெட்டியில் அதிகம். நீள் வெடிப்பின் ஏற்ற இறக்கம் வியாழனில் உண்டாவதில்லை. வழியில் சூரியக் காற்றின் பிளாஸ்மா திட்டுகள் அலையைச் சிதறடிப்பதால் வருவது. இதே சிமிட்டலை வேறு ரேடியோ மூலங்களில் அளந்துதான் ஊட்டி முத்தோரையில் உள்ள 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி சூரியக் காற்றை ஆராய்கிறது. நம் கம்பி அதன் ஒரு சிறு மாதிரியைப் பார்க்கிறது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் விஷயம்.

சந்தேகமான ஒலி வந்ததும் ரிசீவரை 100 கிலோஹெர்ட்ஸ் மேலும் கீழும் நகர்த்துங்கள். நிலையமாக இருந்தால் மறையும், வியாழன் அப்படியே தொடரும். மின்னல் ஒரு நொடியில் வெடித்து ஓயும், வியாழனின் ரேடியோப் புயல் பல நிமிடங்கள், சிலபோது ஒரு மணிக்கும் மேல் நீடிக்கும். வியாழன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதும் அதே ஒலி வந்தால் அது வியாழன் இல்லை.

மிக வலுவான சோதனை இரண்டாவது காது. கொடைக்கானலில் ஒரு நண்பர் அதே நேரத்தில் பதிவு செய்யட்டும். கோத்தகிரிக்கும் கொடைக்கும் நேர்த்தூரம் 150 கி.மீ. அளவில் வரும். உங்கள் வேலிச் சொடுக்கு அங்கே இருக்காது. இரண்டு பதிவிலும் ஒரே வினாடியில் ஒரே வடிவில் ஏறும் சீறல் இருந்தால், அது மேலிருந்து வந்தது.

கடைசியில், ஒலி தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் கிராஃப் தாளில் குறியுங்கள். மென்பொருள் உலக நேரம் கேட்டால் நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க மறக்காதீர்கள். வியாழன் சூரியனுக்கு நேரெதிரே நிற்கும் நாட்களில் அங்கிருந்து அலை வரச் சுமார் 36 நிமிடம் ஆகிறது, மற்ற நாட்களில் இன்னும் கூடும். நல்ல மென்பொருள் அதைத் தானே சரிசெய்துவிடும், நீங்கள் ஒருமுறை மறுபடி கழித்துவிடாதீர்கள். ஓர் இரவின் குறி எதையும் நிரூபிக்காது. ஒரு பருவம் முழுக்கக் கேட்டு, கேட்காத இரவுகளையும் அதே கவனத்தோடு குறியுங்கள். எந்தெந்த நேரம் ரிசீவர் ஓடியது, எப்போது வெறும் சீறல் மட்டும் இருந்தது என்ற பதிவு இல்லாவிட்டால், குறிகள் பெட்டிக்குள் குவிந்தாலும் அவை அங்கே மட்டும்தான் வருகின்றன என்று சொல்ல முடியாது.

ஒலியை 20.1-இல் பிடித்துவிட்டவர்கள், அடுத்த புயலில் அதே ரிசீவரை 24, 28 என்று மேலே கொண்டுபோகலாம். எந்த அதிர்வெண்ணுக்கு மேல் ஒலி நிற்கிறது என்று குறித்து, அதை 2.8-ஆல் வகுங்கள். அந்த நேரத்தில் உங்களுக்குக் கேட்ட மிகத் தாழ்ந்த இடத்தில் வியாழனின் காந்தப் புலம் குறைந்தபட்சம் எத்தனை காஸ் என்பது கிடைக்கும். டைபோல் 20.1-க்கு வெட்டியது என்பதால் மேலே போகப் போகக் காது மந்தமாகும். இந்த அளவைத் தொடர்ந்து எடுக்க விரும்புகிறவர்கள் 26 மெகாஹெர்ட்ஸுக்கு ஐந்தரை மீட்டரில் இன்னொரு கம்பியைப் பக்கத்து மரங்களில் கட்டிக்கொள்ளுங்கள்.